அழுகைக்கு இடமுண்டு, வெகுளிக்கு இல்லை
சர்வதேசச் சட்டத்தின் மொழிநடை குறித்து

(திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் தமிழ்த் தோழர்களின் படிப்பு வட்டத்தில், கட்சி வெளியீடுகளின் மொழிபெயர்ப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



இன்றைய தலைப்பைக் கேள்வியுற்ற தோழர் ஒருவர், “சர்வதேசச் சட்டத்திற்கும் இலக்கிய நடைக்கும் என்ன உறவு? அதைக் கிழக்கேகோட்டையில் பேச வேண்டிய தேவை என்ன?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. விடையும் இந்த வட்டாரத்திலேயே இருக்கிறது. இங்கிருந்து விழிஞ்ஞத்திற்கும் பூவாறுக்கும் பேருந்துகள் புறப்படுகின்றன. பூவாற்றைக் கடந்து சற்றுத் தெற்கே சென்றால் கன்னியாகுமரி மாவட்டத்து மீனவ ஊர்கள் தொடங்கிவிடும். 1956 நவம்பர் 1 வரை அந்த ஊர்களும் இந்த நகரமும் ஒரே ஆட்சிப் பரப்பில் இருந்தன. மாநில எல்லை அதன்பின் நிலத்தைப் பிரித்ததேயன்றிக் கடல்தொழிலைப் பிரிக்கவில்லை. குமரிக் கடற்கரைத் தமிழர் கொல்லம் நீண்டகரையில் படகேறுவதும், கொல்லத்து மலையாளத் தொழிலாளி அவரோடு ஒரே படகில் வலை இழுப்பதும் இன்றும் வழக்கம். அத்தகைய படகொன்றில் இருவர் கொல்லப்பட்டதைப் பற்றியும், அக்கொலை உலக நீதிமன்றங்களின் மொழியில் என்னவாயிற்று என்பதைப் பற்றியுமே இன்று பேச விரும்புகிறேன்.

நான் சட்டம் படித்தவனல்லன், தமிழ் படித்தவன். ஆங்கில அறிக்கைகளைத் தமிழாக்குவது என் கட்சிப் பணி. சொற்களோடு மல்லாடுகிறவன் என்ற முறையிலேயே இதைச் சொல்கிறேன்.

படகும் கப்பலும்

2012 பிப்ரவரி 15, பிற்பகல் சுமார் 4.30 மணி. கேரளக் கரையிலிருந்து ஏறத்தாழ 20.5 கடல் மைல் தொலைவில் ‘செயின்ட் ஆன்டனி’ என்னும் மீன்பிடிப் படகு சென்றுகொண்டிருந்தது. இத்தாலியக் கொடி தாங்கிய ‘என்ரிகா லெக்சி’ என்னும் எண்ணெய்க் கப்பல் அவ்வழியே வந்தது. கடற்கொள்ளையரிடமிருந்து கப்பலைக் காப்பதற்கென அதில் இத்தாலியக் கடற்படை வீரர் அறுவர் அமர்த்தப்பட்டிருந்தனர். கப்பலிலிருந்து பாய்ந்த குண்டுகள், படகைச் செலுத்திக்கொண்டிருந்த கொல்லத்துத் தொழிலாளி வாலன்டைன் ஜெலஸ்டினையும், படகின் முன்புறம் இருந்த கன்னியாகுமரி மாவட்டத்து இளைஞர் அஜீஷ் பிங்க்கையும் கொன்றன. படகில் ஆயுதம் ஏதும் இல்லை. கடற்கொள்ளையர் என்று கருதிவிட்டதாக இத்தாலியத் தரப்பு கூறிற்று.

கப்பல் கொச்சிக்குக் கொண்டுவரப்பட்டது. மாசிமிலியானோ லத்தோரே, சல்வத்தோரே ஜிரோனே என்ற இரு வீரர்களைக் கேரளக் காவல்துறை பிப்ரவரி 19 அன்று கைது செய்தது.

அந்நாட்களில் ஆங்கிலச் செய்தியொன்றைத் தமிழாக்கும் பணி எனக்கு வாய்த்தது. ‘இந்தச் சம்பவத்தில் மீனவர் இருவர் உயிரிழந்தனர்’ என்று எழுதினேன். அச்சேறிய பிறகு, குமரிக் கடற்கரையைச் சேர்ந்த வயது முதிர்ந்த தோழர் ஒருவர் இதழை என் முன் விரித்து வைத்து, “தோழரே, இதில் சுட்டது யாருன்னு இல்லையே? காத்தடிச்சு செத்தாங்களா?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மூலத்தில் அப்படித்தான் இருந்தது என்று சொல்லியிருக்கலாம். சொல்ல நா எழவில்லை.

இலக்கணம் படித்தவனுக்கு அவர் சுட்டிய குறை உடனே விளங்க வேண்டும். ‘உயிரிழந்தனர்’ என்னும் வினைக்கு எழுவாய் யார்? இறந்தவர்களே. கைப்பொருளைத் தவறவிட்டவன் ‘இழந்தான்’ என்பதைப் போல, தம் உயிரை அவர்களே தொலைத்துவிட்டார்கள் என்று அந்த வாக்கியம் சொல்கிறது. ‘கொல்லப்பட்டனர்’ என்னும் செயப்பாட்டு வினை கொலை நடந்ததையாவது ஒப்புக்கொள்ளும். ‘சுட்டுக் கொன்றனர்’ என்னும்போதுதான் ‘யார்?’ என்ற கேள்வி வாக்கியத்திற்குள்ளிருந்தே எழும். இம்மூன்று வினைகளுள் எதைத் தேர்கிறோம் என்பது நடையழகைப் பற்றிய சிக்கல் அன்று.

‘சம்பவம்’ என்னும் சொல்

நான் கவனமின்றி எழுதிய அதே ‘சம்பவம்’ என்னும் சொல்லைச் சுற்றியே பின்னர் ஒன்பதாண்டு வழக்கு நடந்தது. 1982-ஆம் ஆண்டு ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையில் 97-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. ஆழ்கடலில் கப்பல்கள் மோதிக்கொண்டாலோ, கப்பல் செலுத்துகையில் வேறு ‘சம்பவம்’ நேர்ந்தாலோ, மாலுமி மீது குற்ற நடவடிக்கை எடுக்கும் உரிமை கப்பலின் கொடிக்குரிய நாட்டிற்கோ மாலுமியின் சொந்த நாட்டிற்கோ மட்டுமே உண்டு என்பது அதன் சாரம். இத்தாலி இதனைப் பற்றிக்கொண்டது. இரண்டு மனிதரைச் சுட்டது, கப்பல் செலுத்துகையில் நேர்ந்த ஒரு சம்பவமாம்!

இந்திய உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரி 18 அன்று அவ்வாதத்தை ஏற்கவில்லை. துப்பாக்கிச் சூட்டைக் கப்பல் மோதலின் வகையில் அடக்க முடியாது என்பது சாதாரண அறிவுக்கும் எட்டக்கூடியது. ஆயினும் அதே தீர்ப்பு, வழக்கை விசாரிக்கும் அதிகாரம் கேரள அரசுக்கு இல்லை, மத்திய அரசு தனி நீதிமன்றம் அமைக்க வேண்டும் என்றும் கூறிற்று.

இத்தாலி 2015 ஜூன் மாதம் சர்வதேச நடுவர் தீர்ப்பாயத்தை நாடியது. ஹேக் நகரின் நிரந்தர நடுவர் நீதிமன்றத்தில் பதிவான அவ்வழக்கிற்கு இடப்பட்ட பெயர் ‘என்ரிகா லெக்சி சம்பவம்’. வழக்கின் தலைப்பில் சுட்ட கப்பலின் பெயர் இருக்கிறது. சுடப்பட்ட படகின் பெயர் இல்லை. செத்தவர்களின் பெயரும் இல்லை.

இரு வாக்கியங்கள், ஒரே தராசு

சட்டத்தின் மொழி உணர்ச்சியற்றது, பளிங்கைப் போலக் குளிர்ந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது உண்மையன்று. ஹாம்பர்க் நகரிலுள்ள சர்வதேசக் கடல் சட்டத் தீர்ப்பாயம் 2015 ஆகஸ்ட் 24 அன்று பிறப்பித்த இடைக்கால ஆணையைப் படித்துப் பாருங்கள். கொல்லப்பட்ட மீனவரின் குடும்பத்தார் அடைந்த துயரத்தைத் தீர்ப்பாயம் அறிந்திருப்பதாக ஒரு வாக்கியம் சொல்கிறது. நெடுநாள் கட்டுப்பாட்டில் இருக்க நேர்ந்ததால் இரு வீரரும் அவர்தம் குடும்பத்தாரும் அடைந்த விளைவுகளையும் அறிந்திருப்பதாக அடுத்த வாக்கியம் சொல்கிறது. மனிதநேயம் சர்வதேசச் சட்டத்திலும் கருதப்பட வேண்டும் என்றும் அவ்வாணை கூறுகிறது.

அந்நாளில் வீரர் ஒருவர் சிகிச்சைக்கென இத்தாலிக்குத் திரும்பிவிட்டார். மற்றவர் தில்லியிலுள்ள இத்தாலியத் தூதரகத்தில் தங்கியிருந்தார். அவர்தம் வீட்டாருக்கும் கவலை இருந்திருக்கும். அதை நான் எள்ளவில்லை. ஆனால் திரும்பி வரக்கூடியவனுக்காகக் காத்திருக்கும் வீட்டையும், திரும்பவே முடியாதவனின் வீட்டையும் அடுத்தடுத்த வாக்கியங்களில் ஒரே அமைதியோடு நிறுத்திவைப்பது ஓர் இலக்கிய உத்தி. நடுநிலை என்னும் தோற்றத்தைத் தருவது அந்த வாக்கிய அமைப்புதான்.

இங்கே தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எனக்குத் துணைவருகிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எண்வகை மெய்ப்பாடுகளை அது வகுக்கிறது. ஒவ்வொன்றும் எவற்றிலிருந்து பிறக்கும் என்றும் கூறுகிறது. அழுகை பிறக்கும் நிலைக்களன்களுள் ஒன்று இழவு, அதாவது இழப்பு. வெகுளி பிறக்கும் நிலைக்களன்களுள் ஒன்று கொலை; உறுப்பை அறுத்தலும் குடியைக் கெடுத்தலும் அடித்து அலைத்தலும் மற்றவை. பழந்தமிழ் இலக்கணியர் இவற்றைத் தனித்தனியே பிரித்து வைத்ததில் ஆழ்ந்த பொருள் உண்டு. ஒரே சாவை ‘இழப்பு’ என்று கண்டால் அழுகை வரும்; ‘கொலை’ என்று கண்டால் வெகுளி வரும். அழுகை இறந்தவனை நோக்கித் திரும்புகிறது. வெகுளியோ கொன்றவனைத் தேடுகிறது.

சர்வதேசச் சட்டத்தின் நடை, நான் படித்த அளவில், மெய்ப்பாடுகளை விலக்குவதில்லை, பங்கிட்டுத் தருகிறது. எளியவருக்கு அழுகையை அனுமதிக்கிறது, சில வேளைகளில் தானே கண்ணீரும் சிந்துகிறது. வெகுளியைத்தான் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. இன்று நான் சொல்ல வந்தது இதுவே.

பத்துக் கோடியின் இலக்கணம்

2020 மே 21 தேதியிட்ட நடுவர் தீர்ப்பு இதற்குத் தெளிவான சான்று. ஐவர் கொண்ட தீர்ப்பாயம், மூவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையில், அவ்வீரர்கள் இத்தாலிய அரசின் அலுவலர்களாகப் பணியாற்றியவர்கள். ஆகவே இந்திய நீதிமன்றத்தில் அவர்களை விசாரிக்க முடியாத விலக்குரிமை அவர்களுக்கு உண்டு என்று முடிவு செய்தது. இந்தியாவின் சீனிவாச ராவும் ஜமைக்காவின் பேட்ரிக் ராபின்சனும் மாறுபட்டனர். மூன்று பேர் கையெழுத்துக்கும் இரண்டு பேர் கையெழுத்துக்கும் இடையில் குற்ற விசாரணை முடிந்துபோயிற்று.

ஆயினும் இத்தாலி இழப்பீடு தர வேண்டும் என்றது தீர்ப்பாயம். எக்குற்றத்திற்காக? ‘செயின்ட் ஆன்டனி’ படகின் கடற்பயண உரிமையில் குறுக்கிட்டதற்காக! உடன்படிக்கையின் 87, 90 ஆகிய பிரிவுகள் மீறப்பட்டன என்பதே தீர்ப்பு. அந்த மீறலின் விளைவுகளாகவே உயிரிழப்பும் உடற்காயமும் பொருட்சேதமும் படகோட்டியும் பிற தொழிலாளரும் பட்ட மன வேதனையும் பட்டியலிடப்பட்டன. உயிர் போனது, படகின் பயணம் தடைப்பட்டதன் கிளைச் செய்தியாயிற்று. ‘உயிரிழப்பு’ என்று அங்கே வருவது பெயர்ச்சொல். வினை இருந்தால் அதற்கு எழுவாய் வேண்டியிருக்கும். பெயர்ச்சொல்லுக்கு அந்தத் தொல்லை இல்லை.

மேலே ‘மன வேதனை’ என்று நான் குறித்த இடத்தில், ஆங்கில மூலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘ஒழுக்கத் தீங்கு’ என்று வரும். படிப்பவர், மீனவரின் ஒழுக்கத்திற்கு என்ன கேடு வந்தது என்று கேட்பார். பக்கத்திலிருந்த தோழன் குண்டடிபட்டுச் சாவதைக் கண்டவனின் நடுக்கத்திற்குச் சட்டம் வைத்திருக்கும் பெயர் அது.

இழப்பீட்டைப் பெறும் உரிமை யாருக்கு என்பதையும் கவனியுங்கள். தீர்ப்பின்படி இந்தியாவுக்கு. தன் குடிமகனுக்கு நேர்ந்த கேட்டை ஓர் அரசு சர்வதேச மன்றத்தில் எழுப்பும்போது அது தன் சொந்த உரிமையையே நிலைநாட்டுகிறது என்பது, மாவ்ரோமாட்டிஸ் வழக்கில் அன்றைய நிரந்தர சர்வதேச நீதிமன்றம் 1924-இல் வகுத்த கோட்பாடு. அதன்படி, குண்டு பாய்ந்தது மீனவன் மார்பில்; அடிபட்டது அரசு. தாயும் மனைவியும் அந்த மன்றத்தில் பேசுவோர் அல்லர், பேசப்படுவோர்.

இத்தாலி செலுத்திய பத்துக் கோடி ரூபாயில் இரு குடும்பங்களுக்கும் தலா நான்கு கோடி, படகு உரிமையாளருக்கு இரண்டு கோடி எனப் பகிர்ந்து, 2021 ஜூன் 15 அன்று உச்ச நீதிமன்றம் இந்தியாவிலிருந்த வழக்குகளை முடித்துவைத்தது. அக்குடும்பங்களுக்கு அந்தப் பணம் தேவை. அதைப் பெற்றதைக் குறைகூற நமக்கு எந்த உரிமையும் இல்லை. விசாரணையை இத்தாலி நடத்தும் என்று சொல்லப்பட்டது. 2022 ஜனவரியில் ரோமில் அதுவும் கைவிடப்பட்டது. விசாரணை நடந்து, இவர்கள் குற்றவாளிகள் அல்லர் என்று தீர்ப்பு வந்திருந்தால் அதுவும் ஒரு விடையாக இருந்திருக்கும். எந்த நாட்டிலும் எந்த நீதிமன்றமும், சுட்டது குற்றமா என்ற கேள்வியை முழுமையாக விசாரித்து விடை சொல்லவில்லை.

கண்ணீர் யாருக்கு வாய்க்கும்?

இது ஒரு வழக்கின் விபத்து அன்று. ஐ.நா. சாசனத்தின் முகப்புரை, போர் மனிதகுலத்திற்கு விளைத்த சொல்லொணாத் துயரத்தைப் பற்றி உருக்கமாகப் பேசுகிறது. அதன் வரைவை எழுதியவர்களுள் முதன்மையானவர் தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஜான் ஸ்மட்ஸ். அடுத்த ஆண்டே, 1946-இல், அவருடைய அரசு இந்திய வம்சாவளியினரின் நிலவுரிமையைப் பறிக்கும் சட்டம் கொண்டுவந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற நம் தமிழ்க் கூலிகளின் பிள்ளைகளும் அதில் அடங்குவர். அச்சட்டத்திற்கு எதிராக இந்தியா ஐ.நா. பொதுச்சபையில் முறையிட்டது. உருக்கமாக எழுதிய கையே பூட்டையும் போட்டது.

தென்மேற்கு ஆப்பிரிக்காவில், அதாவது இன்றைய நமீபியாவில், நிறவெறி ஆட்சி நடத்தப்படுவதை எதிர்த்து எத்தியோப்பியாவும் லைபீரியாவும் சர்வதேச நீதிமன்றத்தை அணுகின. 1966 ஜூலை 18 அன்று, வாக்குகள் ஏழுக்கு ஏழு எனச் சமமாகி, தலைவரின் தீர்வு வாக்கால் அவ்வழக்கு தள்ளப்பட்டது. இது சட்டத்தின் மன்றம். அறநெறிகள் சட்ட வடிவம் பெற்ற அளவிற்கு மட்டுமே அவற்றைக் கருத முடியும் என்றது தீர்ப்பு. முகப்புரையில் கண்ணீர் வடித்த அமைப்பின் நீதிமன்றமே, ஆப்பிரிக்க மக்களின் சினம் கதவைத் தட்டியபோது இலக்கணம் பேசிற்று. அந்தக் கதவை 1971-இல் ஓரளவு திறக்க வைத்தது, ஆப்பிரிக்க மண்ணிலும் ஐ.நா. பொதுச்சபையிலும் நடந்த போராட்டமே.

வெகுளியும் சான்றும்

அப்படியானால் நாமும் உணர்ச்சியைக் கொட்டி எழுதினால் போதுமா? போதாது. வெறும் உணர்ச்சிக்கு வர்க்கச் சார்பு தானாக வந்துவிடாது. இத்தாலியில் அவ்விரு வீரர்களை ‘நம் பிள்ளைகள்’ என்று உருகி ஊர்வலம் நடத்தியதில் வலதுசாரிகளே முன்னின்றனர். இங்கும் 2014 தேர்தல் மேடைகளில் இவ்வழக்கு தேசிய முழக்கமாயிற்று. முழங்கியவர்கள் ஆட்சிக்கு வந்தபின்புதான் அவ்விரு வீரரும் ஒருவர்பின் ஒருவராக நாடு திரும்பினர். பாக் நீரிணையில் தமிழக மீனவர் கைதாகும் ஒவ்வொரு முறையும் இங்கே அறிக்கைகள் சீறும். அதே அறிக்கைகளில் ‘எல்லை தாண்டிய மீனவர்’ என்ற அடைமொழி எவ்வித உறுத்தலுமின்றி இடம்பெறும். விசாரணைக்கு முன்பே தீர்ப்பைச் சொல்லிவிடும் பெயரெச்சம் அது.

சினத்தை எவ்வாறு வழக்காக்குவது என்பதற்கு இங்கிருந்து சிறிது தொலைவிலேயே ஒரு நினைவூட்டல் இருக்கிறது. ஆற்றுகால் பொங்கலுக்கு ஆண்டுதோறும் இந்தக் கிழக்கேகோட்டைத் தெருக்களெங்கும் பெண்கள் அடுப்பு மூட்டுகின்றனர். மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி ஆற்றுகாலில் தங்கினாள் என்பது மக்கள் நம்பிக்கை. நம்பிக்கையை விடுங்கள், காப்பியத்தைப் பாருங்கள். கண்ணகி பாண்டியன் அவையில் அழுது இரங்கல் பெற்றுக்கொண்டு திரும்பவில்லை. கொன்றவனை நேர்நின்று விளித்தாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். அரசியின் சிலம்பில் இருந்ததோ முத்து. சிலம்பை உடைத்துக் காட்டினாள். அவளுடைய வெகுளியின் கையில் ஒரு பரல் இருந்தது.

2024 ஜனவரி 11 அன்று காசா வழக்கில் தென்னாப்பிரிக்காவின் வழக்கறிஞர்கள் செய்ததும் அதுவே. காசா மருத்துவமனையொன்றில் அறுவைச் சிகிச்சைப் பட்டியல் எழுதும் வெள்ளைப் பலகையில், தாங்கள் இயன்றதைச் செய்ததாகவும் தங்களை நினைவில் கொள்ளும்படியும் மருத்துவர் ஒருவர் எழுதிவைத்திருந்தார். குண்டுவீச்சில் பின்னர் அவர் கொல்லப்பட்டார். அப்பலகையின் படத்தை நீதிபதிகள் முன் காட்டினர். அதோடு நில்லாமல், பாலஸ்தீனரை மனித விலங்குகள் என்று இழித்த இஸ்ரேலிய அமைச்சரின் சொற்களையும், பிற ஆட்சியாளரின் சொற்களையும் நாள் குறித்து அடுக்கினர். ஜனவரி 26 ஆணையில் அச்சொற்கள் சில இடம்பெற்றன. இடைக்கால ஆணைகள் பிறந்தன. கொலைகள் அதனால் நின்றுவிடவில்லை என்பதையும் நாம் அறிவோம். ஆணையை நிறைவேற்ற வைக்கும் வலிமை நீதிமன்றத்திற்கு வெளியே, தெருவில் திரளும் மக்களிடம்தான் உருவாக வேண்டும். ஆனால் எந்தச் சொல்லை வைத்துத் திரள்வது என்பதற்கு அந்த வழக்கு ஒரு பாடம்.

நமது ஏடுகளில் எழுதுவோர்க்கும் மொழிபெயர்ப்போர்க்கும் ஒரு வேண்டுகோள். அரசுகளும் செய்தி நிறுவனங்களும் தரும் வாக்கியத்தைக் கையில் எடுத்தவுடன் அதன் எழுவாயைத் தேடுங்கள். எழுவாய் மறைக்கப்பட்டிருந்தால், தெரிந்த உண்மையைக் கொண்டு அதனை மீட்டெடுங்கள். தெரியாததைக் கற்பித்து எழுதாதீர்கள். குற்றம் சாட்டப்பட்டவரைக் குற்றவாளி என்று எழுதுவதும் மொழிப் பிழைதான். நாளை நம் தோழர்கள் கூண்டில் நிற்கும்போது அதே பிழை நம்மீது பாயும். இறந்தவரின் பெயரை, ஊரை, தொழிலை எழுதுங்கள். இரங்கல் சொல்லும் இடத்தில் நின்றுவிடாமல் அடுத்த வாக்கியத்தில் ‘யார், ஏன்’ என்று கேளுங்கள்.

அந்த முதிய தோழர் கேட்ட கேள்விக்கு அன்று நான் தர முடியாத பதிலை இன்று எழுதினால் இப்படி எழுதுவேன்: ‘2012 பிப்ரவரி 15 அன்று, இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் அரசு ஆயுதத்தோடு நின்ற கடற்படை வீரர்கள், ஆயுதமற்ற மீன்பிடிப் படகை நோக்கிச் சுட்டனர், கொல்லத்து ஜெலஸ்டினும் குமரி மாவட்டத்து அஜீஷ் பிங்க்கும் கொல்லப்பட்டனர், சுட்டது குற்றமா என்பதை இதுவரை எந்த நீதிமன்றமும் விசாரித்து முடிக்கவில்லை.’ சற்று நீண்ட வாக்கியம்தான். ஆனால் அதில் யாரும் தம் உயிரைத் தாமே தொலைத்துவிடவில்லை.